அடுப்புக்கு மேலே

இடவப்பாதிக்கு ஒரு தடவை,
துலா மழைக்கு ஒரு தடவை,
நடுவில் வீட்டில் யார் தும்மினாலும் ஒரு தடவை.
இந்த ஜில்லாவுக்கு மழை இரண்டு என்று
பெருமையாய்ச் சொல்வார்கள்.
எங்களுக்கு அதைச் சொல்வது
ஜெஸ்வினின் நெஞ்சு.

முதலில் மூக்கு ஒழுகும்.
மறுநாள் சாயங்காலம் சோறு வேண்டாம் என்பான்.
ராத்திரி பதினொன்றுக்கு,
யாரோ விசிலை வாயில் வைத்தபடி
தூங்கிப்போனது போல ஒரு சத்தம்.
சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன்.
விலாவுக்கு நடுவே தோல் உள்வாங்கும்,
விடும்,
உள்வாங்கும்.
ரோலரில் விட்டு நான் எடுக்கும் ரப்பர் ஷீட்டில்
வரிவரியாய் விழுமே,
அதே வரி.

மூன்று வயதுக்குள் ஏழு தடவை
குலசேகரம் ஆஸ்பத்திரி.
எங்கே என்று ஆட்டோக்கார ததேயுஸ்
இப்போது கேட்பதில்லை.
நெபுலைசரின் உறுமலுக்குப் பயந்து அழுவான்,
அழுத அழுகையில்
மருந்து பாதி காற்றோடு போகும்.
விடிந்ததும் பன் கேட்பான்.
திரும்பும் பஸ்ஸில்
கம்பியில் தலை இடித்துத் தூங்குவது நான்.

எட்டாம் தடவை புது டாக்டர், லேகா.
கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு முழு நிமிஷம் அவன் வயிற்றையே பார்த்தார்.
ஐம்பத்து நாலு.
"ஆஸ்துமாவா?" என்றேன்,
நானே முதலில் சொல்லிவிட்டால்
அது வராது என்பது போல.

"இப்போதைக்குப் பேர் வைக்க வேண்டாம்.
சளி பிடித்தாலே இந்த வயதில் சிலருக்கு இளைக்கும்.
பள்ளிக்கூடம் போகிற வயதில்
நிறைய பேருக்கு விட்டுவிடும்.
இவனுக்கு விடுமா, எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
அதனால்தான் நம்பினேன்.

பிளாஸ்டிக் குடுவை, அதன் முனையில் முகமூடி.
நீலப் பம்பு இளைக்கும்போது.
தவிட்டு நிறப் பம்பு தினம் காலையும் இரவும்,
மூன்று மாசம் பார்ப்போம்,
பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.
ஒரு அமுக்கு, பத்து மூச்சு.
ஓரத்தில் காற்றுப் போனால் மருந்தும் போகும்.
வாயைக் கழுவ மறக்கக் கூடாது.

கடைசியில், எழுதிக்கொண்டே கேட்டார்:
"வீட்டில் புகை உண்டா?"
"இல்ல டாக்டர். அவரு பீடி தொடமாட்டாரு."

பொன்மனையில் இறங்கி
வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.
அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில்
இருபத்தாறு ஷீட்,
தேன் நிறத்தில், நல்ல விலைக்கு ஏறிக்கொண்டு.
அதன் கீழே அவன் பாய்.
மழைக்குக் கதகதப்பாய் இருக்குமென்று
நான்தான் விரித்தது.

பிள்ளையின் தலையை மோந்து பார்த்தேன்.
தலைமுடியில் ஷீட்டின் வாசனை.
இத்தனை நாள் அது
அவன் வாசனை என்று நினைத்திருந்தேன்.

வில்பிரட் ஒன்றும் பேசவில்லை.
இருட்டோடு எழுந்து
முந்நூறு மரம் வெட்டப் போகிறவன்,
அன்றைக்கு இருட்டிய பிறகு
கழிகளைத் தூக்கிக்கொண்டு
அயனி மரத்தடிக்குப் போனான்.
நாலு கம்பு, மேலே பழைய தார்ப்பாய்.
துலா மழையில் ஷீட் பூத்தது.
வியாபாரி விரலால் சுரண்டிப் பார்த்து
கிலோவுக்குக் குறைத்தார்.
அந்தக் கணக்கை நாங்கள்
சத்தமாய்ப் போட்டுப் பார்க்கவில்லை.

இளைப்பு வராமல் இல்லை.
ஐப்பசி கடைசியில் வந்தது.
நீலப் பம்பு போதுமாயிருந்தது அந்தத் தடவை.
ததேயுஸுக்குப் போன் போடவில்லை,
ஆனாலும் செருப்பை வாசலில் எடுத்து வைத்து
விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

இப்போது முகமூடியை அவனே பிடிக்கிறான்.
என் கை, அவன் கைக்கு மேல்.
உள்ளே வால்வு டக் டக் என்கிறது.
விரல் மடக்கி எண்ணுவதும் அவன்தான்.
மூன்றுக்குப் பிறகு
எப்போதும் அஞ்சு.
நாலாவது மூச்சை
சத்தமில்லாமல் நான் சேர்த்துக்கொள்கிறேன்.